பெருங்கலை எது? வேத்தியல், பொதுவியல் என்னும் பழைய பிரிவினை குறித்து ஓர் எளிய விளக்கம்

பாலக்காடு மாவட்டத்தில் மூன்று ஊர்கள் உள்ளன. கோட்டாயியை அடுத்த செம்பை ஒன்று. வடக்கஞ்சேரிப் பக்கத்து மஞ்ஞப்பரை மற்றொன்று. மாவட்டத்தின் கிழக்கே, எங்கள் கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் வழியில் உள்ள எலப்புள்ளி மூன்றாவது. காலையில் புறப்பட்டால் மூன்றையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். 1896ஆம் ஆண்டு பிறந்த பாடகர் வைத்தியநாத பாகவதரின் ஊர் செம்பை. மஞ்ஞப்பரையில் 1923ஆம் ஆண்டு கர்நாடக இசைப் பாடகர் எம். டி. ராமநாதன் பிறந்தார். எலப்புள்ளியில் 1928ஆம் ஆண்டு திரையிசை அமைப்பாளர் எம். எஸ். விஸ்வநாதன் பிறந்தார்.

எல்லையோரத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் நான் பாடம் நடத்துகிறேன். ஒருநாள் நம் மண்ணின் கலைஞர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது இந்த மூவரையும் குறிப்பிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “இந்த மூணு பேர்ல ஆருங்க சார் பெரியவரு?” என்று கேட்டாள். வகுப்பே பதில் சொல்ல முன்வந்தது. எல்லார் வீட்டிலும் அவர் பாட்டு கேட்கிறது என்பதால் விஸ்வநாதன்தான் பெரியவர் என்றான் ஒருவன். சினிமாவுக்கு இசையமைப்பதைவிடக் கர்நாடக சங்கீதம் உயர்ந்தது, ஆகையால் செம்பைதான் பெரியவர் என்றான் மற்றொருவன். ராமநாதனின் குரலை அவர்களில் எவரும் கேட்டதில்லை.

அந்தப் பதில்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். மாணவி கேட்டது ஒரு கேள்வி. மாணவர்கள் விடை சொன்னதோ வேறு இரண்டு கேள்விகளுக்கு. ஒருவன் எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பதற்கு விடை சொன்னான். மற்றவன் அந்தக் கலை சமூகத்தில் எந்தப் படியில் இருக்கிறது என்பதற்கு விடை சொன்னான். கலைஞர் பெரியவரா, ஆக்கம் பெரியதா என்ற கேள்வி தொடப்படாமலேயே நின்றது. உயர்கலை, வெகுசனக் கலை என்று நாம் நடத்தும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த மூன்று கேள்விகளையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால் எழுபவை என்றே நான் நினைக்கிறேன். இவற்றைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

இந்தப் பிரிவினை மேற்கிலிருந்து நமக்கு வந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். சொற்கள் புதியவையாக இருக்கலாம், பிரிவினை பழையது. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கூத்தை வேத்தியல், பொதுவியல் என இரு திறமாகச் சொல்கின்றன. வேந்தர் காண ஆடுவது வேத்தியல். எல்லாரும் காண ஆடுவது பொதுவியல். இந்தச் சொற்கள் எதை அளவுகோலாகக் கொள்கின்றன என்று கவனிக்க வேண்டும். இன்ன ஆட்டம் நுட்பமானது, இன்ன ஆட்டம் எளியது என்று அவை சொல்லவில்லை. யார் முன்னிலையில் ஆடப்படுகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. உயர்வு தாழ்வு என்ற பொருள் பின்னால் நாம் ஏற்றிக்கொண்டது.

சேரநாட்டு இளங்கோவின் ஆக்கம் என்று மரபு சொல்லும் அந்தக் காப்பியமே இதற்கு நல்ல சான்று. அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்கு கோலால் அளக்கப்படுகிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அவள் ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் ஆடி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். வேத்தியல் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது. இதே நூலில், மதுரையின் ஆயர் குடியிருப்பில், ஆய்ச்சியர் குரவை வருகிறது. குடத்துப் பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது என்று தீக்குறி கண்டு அஞ்சிய ஆயர்குலப் பெண் மாதரி, கண்ணகி காண ஒரு குரவை ஆடுவோம் என்கிறாள். பால் விற்றுப் பிழைக்கும் பெண்கள் ஆடும் ஆட்டம் அது. அரங்கு இல்லை, தலைக்கோல் இல்லை, பொன்னும் இல்லை. ஆயினும் வட்டமாக நிற்கும் ஏழு பெண்களுக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்கள் சூட்டப்படுகின்றன. அவர்கள் பாடத் தேர்ந்த பண் முல்லைத் தீம்பாணி என்று பெயரோடு குறிக்கப்படுகிறது. மாட்டுத்தொழுவத்துப் பெண்களின் ஆட்டத்துக்குள் இசை இலக்கணம் முழுதாக இருக்கிறது. காப்பியத்தின் உச்சங்களைக் கேட்டால் நான் அரங்கேற்றத்தைச் சொல்லமாட்டேன். கோவலன் கொலையின் நிழல் விழுந்த இந்தக் குரவையைத்தான் சொல்வேன்.

பெயர்கள் யார் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்வதால், பார்ப்பவர் மாறும்போது கலையின் படியும் மாறிவிடுகிறது. கேரளத்துத் துள்ளல் கலையை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டில், லக்கிடிக்கு அருகிலுள்ள கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த குஞ்சன் நம்பியார், கோயிலுக்குள் நடக்கும் சாக்கியார் கூத்துக்கு மிழாவு என்ற முழவு வாசித்துக்கொண்டிருந்தபோது கண் அயர்ந்துவிட்டாராம். சாக்கியார் அவையில் வைத்தே கேலி செய்ய, மறுநாளே எளிய மலையாளத்தில் பாட்டுக் கட்டி எதிரில் நின்று ஆடி, கூட்டம் முழுவதையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார் என்பது கதை. கதை எப்படியும் இருக்கட்டும். அது காட்டும் நிலைமை உண்மையானது. சாக்கியாரின் சமஸ்கிருதம் கலந்த கூத்து கோயிலுக்குள், அதுவும் சிலருக்கே உரியதாக இருந்தது. துள்ளல் தெருவில் நிற்பவருக்கும் புரிந்தது. இன்று அதே துள்ளல், 1930இல் தொடங்கப்பட்ட கேரள கலாமண்டலம் என்ற கலைப் பள்ளியில் பாடத்திட்டத்தோடு கற்பிக்கப்படும் கலை. சாக்கியார்கள் ஆடும் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டமோ எதிர்த்திசையில் நடந்தது: 1949இல் பைங்குளம் ராமச் சாக்கியார் கூத்தைக் கோயில் மதிலுக்கு வெளியே கொண்டுவந்தார். கோயிலுக்குள்ளேயே வைத்திருந்திருந்தால் இன்று அதை யார் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. 2001இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் அரும்பெரும் மரபாக அறிவித்தது.

தமிழ்நாட்டில் சதிர் பட்ட பாட்டை இங்கே நீட்டத் தேவையில்லை. தேவரடியார் மரபில் வந்த பெண்கள் ஆடியவரை இழிவாகப் பேசப்பட்ட ஆட்டம், 1930களில் பரதநாட்டியம் என்ற பெயரோடு, புதிய குடும்பங்களின் பெண்கள் ஆடத் தொடங்கியதும் உயர்கலை ஆயிற்று. 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திரா என்ற கலைப் பள்ளி தொடங்கியது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பழைய மரபின் கோயில் தொடர்பை முடித்துவைத்தது. அடவுகளும் பதங்களும் பெரும்பாலும் பழையவையே. ஆடியவர் மாறினார்கள், அரங்கு மாறியது, பெயர் மாறியது, படி உயர்ந்தது. அந்தப் படியேற்றத்தில் தங்கள் கலையை இழந்த பெண்களை நினைக்கும்போது, ‘உயர்ந்தது’ என்ற சொல்லை எளிதாகச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

படிநிலையை அரசாணையால் நிலைநிறுத்த முயன்ற வரலாறும் நம்மிடம் உண்டு. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடை விதித்திருந்தது. சுரங்களுக்கு இடையிலான நுண்ணிய வளைவுகளை அந்தக் கட்டைகள் தரமாட்டா என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறையின் அமைச்சரான பி. வி. கேஸ்கர், செவ்வியல் இசையை மக்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற உண்மையான ஆர்வம் உடையவர். திரைப்பாடல் மக்களின் செவியைக் கெடுக்கிறது என்று அவர் நம்பினார். அவர் காலத்தில் வானொலியில் திரைப்பாடல்களின் இடம் குறுகிக் குறுகி, கடைசியில் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. கேட்பவர்கள் அதற்காகத் தோடி ராகமும் காம்போதி ராகமும் கேட்க உட்காரவில்லை. பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் வானொலியே இறங்கிவந்து, 1957 அக்டோபர் 3ஆம் நாள் திரைப்பாடல்களுக்கு இடம் தந்த விவித பாரதி ஒலிபரப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று.

கேஸ்கரை எளிதில் பழித்துவிடலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அதே வானொலிதான் நிலைய வித்துவான்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, சமஸ்தானங்களின் ஆதரவு போன பின்பு பல கலைஞர் குடும்பங்களைக் காத்தது. நீண்ட பயிற்சி தேவைப்படும் கலை, சந்தையில் தனியே விடப்பட்டால் சாகக்கூடும். அதற்கு மன்னரோ கோயிலோ அரசோ சபாவோ கைகொடுக்கத்தான் வேண்டும். அவர் செய்த பிழை, ஒன்றைக் காப்பதற்கு மற்றொன்றை விரட்ட வேண்டும் என்று எண்ணியதுதான். ஆர்மோனியத்துக்குச் சொன்ன குறைகூட முழு உண்மையாகாது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த இன்னொரு எல்லை ஊர். அங்கே 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, ஆர்மோனியம் முழங்கும் நாடக மேடையில் நின்றுகொண்டு, மண்ணில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு ராகத்தை விரித்துப் பாடினார். இருபத்தேழு வயதில் மறைந்துவிட்ட அவருடைய பழைய இசைத்தட்டுகளைக் கேட்பவர்கள், அந்தக் குரலை எந்தப் படியில் வைப்பது என்று திகைப்பார்கள்.

இனி, எந்தப் படியிலும் உட்காராத ஒரு கலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாலக்காடு மாவட்டத்திலும் அதை ஒட்டிய திரிச்சூர், மலப்புறம் பகுதிகளிலும் உள்ள பத்திரகாளி கோயில்கள் பலவற்றின் முன் கூத்துமாடம் என்ற நீண்ட கட்டடம் தனியே நிற்கும். விழாக் காலத்தில் அதன் முகப்பில் திரை கட்டப்படும். மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால், தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து இருபத்தொரு விளக்குகள் வரிசையாக ஏற்றப்படும். மான்தோலில் வெட்டித் துளையிட்ட பாவைகளைத் திரையோடு சேர்த்துப் பிடித்து, இரவு முழுவதும் இராமன் கதையை ஆடுவார்கள். ஏழு நாள், பதினான்கு நாள், இருபத்தொரு நாள் என்று கோயிலுக்குக் கோயில் கணக்கு வேறுபடும். எழுபத்தொரு நாள் நடக்கும் கோயிலும் உண்டு.

இதன் பெயர் தோல்பாவைக்கூத்து. நாட்டார் கலை என்று கையேடுகள் இதை ஒதுக்கிவிடும். ஆனால் உள்ளே பாடப்படுவது கம்பராமாயணம். தமிழில் உயர்ந்த கவிதை எது என்று கேட்டால் முதலில் நாவில் வரும் பெயர் கம்பன். அந்த விருத்தங்களை, மலையாள நாட்டின் சிற்றூர்களில், பாவை ஆட்டும் கலைஞர்கள் வாய்மொழியாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். அவர்களை ஊரார் புலவர் என்றே அழைக்கிறார்கள். அது வெறும் மரியாதைச் சொல் ஆகாது. ஒவ்வொரு பாடலையும் பாடிய பின், தமிழும் மலையாளமும் கலந்த உரைநடையில் அதற்குப் பொருள் விரிப்பார்கள். பாட்டையும் உரையையும் அடக்கிய மரபுத் தொகுப்புக்கு ஆடல்பற்று என்று பெயர். உரை விரியும்போது இலக்கணம் வரும், புராணக் கிளைக்கதை வரும், மருத்துவம் வரும், தருக்கம் வரும். பள்ளியில் கம்பனை நடத்தும் என் போன்றவர்கள் ஒரு பாடலுக்கு அவ்வளவு நேரம் செலவிடுவதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் வியப்பானது, பார்ப்பவர் பற்றிய செய்தி. அந்தி சாய்ந்ததும் ஊரார் வருவார்கள். காணிக்கை வைத்துத் தங்கள் பெயரும் வேண்டுதலும் சொல்லப்படுவதைக் கேட்பார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். நள்ளிரவுக்குப் பின் திடல் பெரும்பாலும் வெறுமையாகிவிடும். திரைக்குப் பின்னே கூத்து நிற்காது. ஏனென்றால் அது தேவி பார்ப்பதற்காக நடப்பது. தாரிகன் என்ற அசுரனோடு பொருதுகொண்டிருந்த காளியால் இராம இராவண யுத்தத்தைக் காண முடியாமற்போயிற்று என்றும், அக்குறை தீரவே சிவன் இந்தக் கூத்தைப் பணித்தார் என்றும் கதை சொல்கிறது.

நம்மிடமுள்ள பெட்டிகளில் இதை எதில் வைப்பது? மூலநூலைப் பார்த்தால் உயர்கலை. ஆடுமிடத்தையும் ஆடுவோரையும் பார்த்தால் நாட்டார் கலை. மக்கள் கலை என்றால் மக்களைக் காணோம். வேத்தியல் என்றால் வேந்தன் இல்லை. பள்ளிப் பருவத்தில் நான் முதன்முதலாக ஒரு கூத்துமாடத்தின் முன் உட்கார்ந்த இரவில் என் தாத்தா பக்கத்தில் இருந்தார். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. எல்லாரும் போய்விட்டார்களே, யாருக்காகத் தாத்தா பாடுகிறார்கள் என்று கேட்டேன். “அம்மை முழிச்சிட்டுத்தான் இருக்கறா, நீ தூங்கு கண்ணு” என்றார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தச் சொல்லின் முழுப்பொருள் விளங்கியது. பார்ப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைக்கக் கூடாத ஒரு தரம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தத் தரத்துக்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. கூனத்தறையைச் சேர்ந்த ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது பலர் இந்தக் கலையின் பெயரை முதன்முறையாகக் கேட்டார்கள். கூத்தின் தரம் அன்றைக்கு முளைத்ததன்று.

இதுவரை வந்த வாசகர், ‘அப்படியானால் படிநிலை எல்லாம் சமூகம் கட்டியது, ஆகவே எல்லாக் கலையும் சமம், அவரவர்க்குப் பிடித்ததே பெரிது’ என்று முடித்துவிடக் கூடும். இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1960களில் தம் நாட்டு மக்களிடம் ரசனை குறித்துக் கணக்கெடுத்து, 1979இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். எதைக் கேட்கிறோம், எதைச் சுவரில் மாட்டுகிறோம் என்பவை நம் படிப்பையும் குடும்ப நிலையையும் ஒட்டி அமைகின்றன, தன்னைப் பிறரிடமிருந்து உயர்த்திக் காட்ட ரசனையும் ஒரு கருவி என்று அவர் காட்டினார். நம் ஊர் சபாக்களிலும் இதைக் காணலாம். ஆனால் ஒருவர் ஏன் கச்சேரிக்குப் போகிறார் என்பதற்கான விளக்கம், அந்தக் கச்சேரி எப்படி இருந்தது என்பதற்கான விடை ஆகாது. படிநிலை பொய் என்பதால் தரமும் பொய் ஆகிவிடாது.

தரம் என்று ஒன்று உண்டு என்பதை விளக்க, ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1757இல் ஒரு கதையை எடுத்தாண்டார். டான் குயிக்ஸோட் கதையில் வரும் சான்ச்சோ சொல்வது அது. ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்துக் கருத்துச் சொல்ல இரண்டு உறவினர்களை அழைக்கிறார்கள். ஒருவர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார். மற்றவர் நன்றுதான், ஆனால் இரும்பின் சுவை தட்டுகிறது என்கிறார். சுற்றியிருந்தவர்கள் இருவரையும் எள்ளி நகைக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் ஒரு பழைய சாவி கிடந்தது. அதில் தோல்வார் கட்டியிருந்தது. அந்தச் சுவை மதுவில் உண்மையாகவே இருந்தது. பழகிய நாக்குக்குத்தான் அது எட்டியது. கலையிலும் இப்படியே. பயின்ற செவி சொல்வது வெறும் விருப்பம் ஆகாது. இருப்பதைக் கண்டு சொல்வது.

பயின்ற செவி என்றதும், அது படித்த சிலருக்கே உரியது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. எங்கள் மாவட்டத்துக் கோயில் விழாக்களுக்கு வந்து பஞ்சாரி மேளத்தைக் கேளுங்கள். செண்டையும் இலத்தாளமும் கொம்பும் குழலும் சேர்ந்த அந்த மேளம், தொண்ணூற்றாறு அட்சரம் (தாள எண்ணிக்கை) கொண்ட முதல் காலத்தில் மிக மெதுவாகத் தொடங்கும். பிறகு நாற்பத்தெட்டு, இருபத்துநான்கு, பன்னிரண்டு என்று ஒவ்வொரு காலமும் முந்தையதில் பாதியாகி, ஆறு அட்சரத்தில் வந்து முடியும். முழுமையாக நடந்தால் மூன்று மணி நேரம்வரை போகும். சுற்றி நிற்பவர்கள் யார்? வயல் வேலை முடித்து வந்தவர், பேருந்து ஓட்டுபவர், கடைக்காரர், பள்ளிப் பையன். மேளக்கம்பக்காரர் என்று மலையாளத்தில் சொல்லப்படும் இவர்கள், தலைக்குமேல் கை உயர்த்தித் தாளம் எண்ணுவார்கள். ஆயிரக்கணக்கான கைகள் ஒரே இடத்தில் மேலெழுந்து, ஒரே இடத்தில் விழும். ஒரு காலம் முடிந்து அடுத்ததற்கு மாறும் நொடியை அவர்கள் தவறவிடுவதில்லை. தொண்ணூற்றாறு எண்ணிக்கையை மனத்தில் தாங்கிக் காத்திருப்பது எளிய பொழுதுபோக்கா? கூட்டம் கடினமானதை விரும்பாது என்பவர்கள் இந்தக் கூட்டத்தின் நடுவில் ஒருமுறை நிற்க வேண்டும். குழந்தையிலிருந்தே கேட்டு வளர வாய்ப்புக் கிடைத்தால், எந்தக் கூட்டமும் நுட்பத்தைத் தேடும் கூட்டமாகும்.

அதற்கு எதிர்ப்பக்கத்து அச்சமும் நியாயமானதே. தொழிற்சாலையில் சரக்கு செய்வதுபோல் பாட்டும் படமும் செய்யப்படும்போது, முன்பு விற்றதையே பெயர் மாற்றித் தருவது ஆதாயம் என்று ஆகிவிடுகிறது; ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்த அடோர்னோ, ஹோர்க்ஹைமர் என்ற இருவரும் 1940களில் இதைக் கலாச்சாரத் தொழில் என்று பெயரிட்டுக் கண்டித்தார்கள். அவர்கள் சொன்ன நோய் உண்மை. ஆனால் அது திரையரங்கோடு நிற்பதில்லை. அதே பத்துக் கீர்த்தனைகள், அதே இடத்தில் அதே சங்கதி, அதே இடத்தில் அதே கைதட்டல் என்று நடக்கும் கச்சேரிக்கும் அந்த நோய்தான்.

இப்போது மாணவியின் கேள்விக்குத் திரும்பலாம். செம்பையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கி இல்லாமலே திடல் கடைசிவரை எட்டும் குரல், தாளத்தில் மலைபோன்ற உறுதி, எளியவரையும் கவரும் துடிப்பு எல்லாம் ஒருவரிடமே அமைந்திருந்தன. 1951இல் சென்னை மியூசிக் அகாடமி தரும் பெரிய பட்டமான சங்கீத கலாநிதியைப் பெற்றார். திரைப்பாடகராக அறியப்பட்ட யேசுதாஸுக்குத் தம் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு இரு பக்கத்துக் கதவுகளும் திறந்தே இருந்தன.

ராமநாதனுக்கு அப்படி இல்லை. டைகர் வரதாச்சாரியாரின் சீடரான அவர், மிகத் தாழ்ந்த சுருதியில், பிறர் அஞ்சும் அளவுக்கு மெதுவான காலத்தில் பாடினார். விறுவிறுப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். 1984இல் மறையும்வரை சங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. உயர்கலை என்ற மண்டபத்துக்குள்ளேயே அவர் சிறுபான்மையாக இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அவரை முதன்முறை கேட்பவருக்கு ஒன்று சொல்வேன்: அடுத்த சுரம் எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள். இப்போது நிற்கும் சுரம் எப்படி நிற்கிறது, அதன் விளிம்பு எப்படி அசைகிறது என்று கேளுங்கள். இரண்டு சொல்லுக்கு நடுவில் அவர் விடும் மௌனத்திலும் சுருதி ஓடிக்கொண்டே இருக்கும். வேகத்தில் மறைக்கக்கூடிய பிழை எதையும் அந்த நடையில் மறைக்க முடியாது. அவர் அந்தத் திறந்த வெளியில் நிற்கத் துணிந்தார். மூன்றாம் முறை, நான்காம் முறை கேட்கும்போதுதான் எனக்கு அவர் பிடிபட்டார். இன்று அந்தப் பதிவுகளைத் தேடிக் கேட்கும் இளைஞர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

விஸ்வநாதனை அளக்கும்போது ராமநாதனின் கோலைக் கையில் எடுத்தால் இருவரையுமே இழப்போம். திரைப்பாடலுக்குக் கிடைக்கும் பொழுது சில நிமிடங்கள். கதையின் சூழல், நடிகரின் உதடு, கவிஞரின் சொல், பாடுபவரின் குரல், தயாரிப்பாளரின் அவசரம் ஆகிய அனைத்துக்கும் இடம் தந்து, அதற்குள் முன்பு இல்லாத ஒரு மெட்டு பிறக்க வேண்டும். சிறுவயதில் கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்ற அவர், ராகங்களை அக்கார்டியனோடும் பாங்கோஸோடும் சேர்த்தபோது, இரு தரப்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் நின்றன. பத்ம விருது எதுவும் பெறாமலே 2015இல் அவர் மறைந்தார்.

ஆனால் அவருடைய ஆக்கங்களில் ஒன்றை மாணவர்களோடு சேர்ந்து ஆராய நான் தேர்ந்தெடுத்தது திரைப்பாடலை அல்ல. ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை, 1891இல் வெளியிட்ட நாடக நூலில் தமிழ்த் தெய்வ வணக்கம் ஒன்றை எழுதினார். அதிலிருந்து எடுத்த வரிகளே தமிழ்த்தாய் வாழ்த்து. 1970இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றபோது அதற்கு இசை தந்தவர் எலப்புள்ளி விஸ்வநாதன். ராகம் மோகனம், மூன்றன் நடை, பாடி முடிக்க ஐம்பத்தைந்து விநாடி.

அந்த வேலையின் கடினத்தை எண்ணிப் பாருங்கள். பாடப்போகிறவர்கள் வித்துவான்கள் இல்லை. ஆறு வயதுக் குழந்தையும் அறுபது வயது அதிகாரியும் பயிற்சியின்றி, பெரும்பாலும் பக்கவாத்தியம் இன்றி, சேர்ந்து பாடப்போகிறார்கள். மெட்டு அவர்கள் குரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போகக் கூடாது. கமகம் என்னும் சுர அசைவைப் பெரிதாக நம்பியிருக்கவும் கூடாது. நீண்ட சொற்றொடர்களாலான பழைய நடைச் செய்யுள், மூச்சு முட்டாமல் பிரிய வேண்டும். ஐந்தே சுரம் கொண்ட மோகனத்தை அவர் தேர்ந்ததில் இந்தக் கணக்கெல்லாம் அடங்கியிருக்கிறது. கரும்பலகையில் அந்த ஐந்து சுரங்களை எழுதி, வாழ்த்தை வரி வரியாக நிறுத்திப் பாடவைத்தேன். எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறோம், எந்தச் சொல்லில் குரல் மேலே ஏறுகிறது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். பிறகு இதே ராகத்தின் பழைய பெயரை எழுதினேன். இசை ஆராய்ச்சியாளர் பலர் மோகனத்தோடு வைத்து எண்ணும் பண், மதுரை ஆயர் குடியிருப்பில் பால் உறையாத அன்று மாதரியின் பெண்கள் பாடிய முல்லைத் தீம்பாணி. கேள்வி கேட்ட மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மஞ்ஞப்பரைக்காரர் மோகனம் பாடிய பதிவு இருந்தால் கொண்டுவரச் சொன்னாள்.